மிடில் ரோட்டிலிருந்து மண்டலே ரோடுவரை

சிங்கப்பூரின் ஜாலான் புசார் சாலையின் தென்கோடியிலிருந்து சற்று நடந்தால் மிடில் ரோடு. ஜப்பானியர் அங்கே நடத்திய மருத்துவமனை, போருக்குப் பின் மிடில் ரோடு மருத்துவமனை ஆனது. பால்வினை நோய்க்கும் தோல் நோய்க்கும் ஒரே வாசல். முகப்பருவுக்காக வரும் இளைஞரும் அதே வாசற்படியைத்தான் மிதிக்க வேண்டும்.

1988-இல் வழி பிரிந்தது. தோல் சிகிச்சை மண்டலே ரோட்டில் திறந்த தேசியத் தோல் மையத்துக்குப் போனது. பால்வினை நோய் மருந்தகம் ஜாலான் புசாரை ஒட்டிய கிளந்தான் லேனுக்கு வந்தது.

அதற்குள் பரு சிகிச்சையும் மாறியிருந்தது. பிலிப்பீன்ஸின் இலோயிலோ மண்ணிலிருந்து கிடைத்த எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் 1952-இல் விற்பனைக்கு வந்தது. பின்னாளில் அதுவும் கிளிண்டமைசினும் முகத்தில் பூசும் மருந்துகளாயின. மயிர்க்கால்களில் பெருகும் பாக்டீரியாவை அடக்கி, வீக்கத்தையும் அவை தணித்தன. லேசான, நடுத்தரப் பருக்களுக்கு மாத்திரை இல்லாமலே பலன்.

ஆனால் கிருமியும் பழகிக்கொண்டது.

மருந்துக்கு மசியாத பரு பாக்டீரியா சிங்கப்பூரிலும் இருப்பதைத் தேசியத் தோல் மைய மருத்துவர்களின் ஆய்வு 2001-இல் பதிவுசெய்தது. ஆன்டிபயாட்டிக் கிரீமைத் தனியாகப் பூசக் கூடாது என்பதே இன்றைய நடைமுறை. கிருமி எதிர்ப்புத் திறன் பெற முடியாத பென்சாயில் பெராக்சைடைச் சேர்த்துத் தருகிறார்கள். சில மாதங்களில் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவிட்டு, பரு திரும்பாமலிருக்க அடாபலீன் போன்ற கிரீமைத் தொடரச் சொல்கிறார்கள்.