ஓலைக் கூரையின் சட்டம்: யூதரின் சுக்காவும் கொங்குச் சமவெளியின் பச்சைப் பந்தலும்

சேர்வராயன் மலை, கொல்லிமலை ஆகியவற்றின் அடிவாரத்திலிருந்து காவிரிக் கரை வரை பரந்திருக்கும் சேலம், நாமக்கல் சமவெளியில், திருமண வீட்டின் முன் பச்சைத் தென்னங்கீற்றால் பந்தல் வேய்வது நெடுங்கால வழக்கம். சில நாட்கள் மட்டும் நின்று பின்னர் பிரிக்கப்படும் இந்தப் பந்தலில் எந்த மரத்தின் கொம்பை நடுவது, அதை எந்த மூலையில் நடுவது, யார் நடுவது, உட்புறம் யார் துணி கட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் முறை இருந்தது. நிலையற்ற கூரைக்கு இவ்வாறு முறை வகுத்த சமூகங்கள் உலகில் பல உண்டு எனினும், அம்முறையை எழுத்துச் சட்டமாகவே ஆக்கி, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக வரிவரியாக விவாதித்து வருபவர்கள் யூதர்கள். அவர்களுடைய சட்டம் தமிழகத்தின் அண்டை நிலமான கொச்சி வரை வந்து, தென்னையோலையின் கீழ் நடைமுறையில் இருந்திருக்கிறது. இவ்விரு கூரைகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது, ஒரு வழக்கம் கடல் கடந்தும் நிலைப்பதற்கும் மற்றொன்று தன் மண்ணிலேயே தேய்வதற்கும் உரிய காரணம் புலப்படுகிறது.

யூத நாட்காட்டியின் திஷ்ரி மாதம் 15ஆம் நாளில், அதாவது புரட்டாசி, ஐப்பசியை ஒட்டிய காலத்தில், தொடங்கி ஏழு நாட்கள் நடைபெறும் விழா சுக்கோத் ஆகும். தமிழ் விவிலியத்தில் இது கூடாரப் பண்டிகை என்று வழங்கப்படுகிறது. எகிப்திலிருந்து வெளியேறிய இஸ்ரவேலர் குடில்களில் தங்கியதை நினைவுகூர்ந்து, ஏழு நாளும் குடிலில் வாழவேண்டும் என்று லேவியராகமத்தின் 23ஆம் அதிகாரம் விதிக்க, களத்துத் தானியத்தையும் ஆலையின் திராட்சை ரசத்தையும் சேர்த்த பின்னர் இவ்விழாவைக் கொண்டாடவேண்டும் என்று உபாகமம் கூறுவதால், வரலாற்று நினைவும் அறுவடை விழாவும் இதில் ஒன்றாகக் கலந்துள்ளன. பாபிலோனியச் சிறையிருப்புக்குப் பின் எருசலேமில் கூடிய மக்கள் மலைக்குச் சென்று ஒலிவம், மிருதுச் செடி, பேரீச்சை முதலியவற்றின் கிளைகளைக் கொணர்ந்து வீட்டு மாடிகளிலும் முற்றங்களிலும் குடில் அமைத்ததை நெகேமியா நூல் பதிவு செய்கிறது. இக்குடிலே சுக்கா எனப்படுகிறது.

வேதநூல் குடிலில் தங்கவேண்டும் என்று கூறியதேயன்றி, அதன் அளவையோ அமைப்பையோ விரிவாகக் கூறவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியது கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பு. அதில் இக்குடிலுக்கென்றே ஐந்து அதிகாரங்கள் கொண்ட தனி நூல் உண்டு. சுக்கா இருபது முழத்துக்கு மேல் உயரக்கூடாது. பத்துக் கையகலத்துக்குக் குறையவும் கூடாது. கையகலம் என்பது ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் என்று கொண்டால், கீழெல்லை 80 சென்டிமீட்டரும் மேலெல்லை ஒன்பதரை மீட்டரும் ஆகும். சுவர்கள் மூன்று இருந்தால் போதும். அவற்றை எப்பொருளாலும் அமைக்கலாம். வளர்ந்து நிற்கும் மரத்தையே ஒரு சுவராகக் கொள்ளலாம் என்னும் அளவுக்கு இவ்விதி தளர்வானது. கட்டப்பட்ட யானையைச் சுவராகக் கொள்ளலாமா என்றுகூட, மிஷ்னாவுக்கு விரிவுரையாக எழுந்த தல்மூது ஆராய்கிறது.

கூரையைப் பொறுத்தவரை இந்தத் தளர்வு இல்லை. கூரை வேயும் பொருளுக்கு எபிரேயத்தில் ஸ்காக் என்று பெயர். அது மண்ணில் விளைந்ததாக இருக்கவேண்டும். மண்ணிலிருந்து வெட்டிப் பிரிக்கப்பட்டதாக இருக்கவேண்டும். பாத்திரமாகவோ கருவியாகவோ ஆகித் தீட்டை ஏற்கும் தகுதி பெற்றிருக்கக்கூடாது. இம்மூன்று தகுதிகளும் அமைந்த எந்த இலையும் ஏற்புடையது. இவற்றுடன், வெயிலைவிட நிழல் மிகுந்திருக்கவேண்டும் என்பதும், அக்கூரை நிழலுக்காகவே போடப்பட்டிருக்கவேண்டும் என்பதும் சேர்கின்றன. ஓலை அடர்ந்து உள்ளிருந்து விண்மீன்கள் தெரியாமற்போனாலும் குடில் செல்லும் என்று மிஷ்னா இசைந்தாலும், அவை தெரிவதே சிறப்பு என்பது பிற்கால அறிஞர் கொள்கை. குடில் திறந்த வானின் கீழேயே அமையவேண்டும். வீட்டுக்குள்ளோ மரத்தின் நிழலிலோ அமைத்தது செல்லாது.

இவ்விதிகளின் கூர்மை, அவற்றைச் சேலம், நாமக்கல் வட்டாரத்துப் பொருள்களுக்குப் பொருத்திப் பார்க்கும்போது நன்கு விளங்கும். தோட்டங்களில் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் படரவிடும் புடலை, பீர்க்கன் பந்தல் எவ்வளவு நிழல் தந்தாலும், கொடி வேரோடு மண்ணில் நிற்பதால் அது சுக்காவின் கூரையாகாது. கொடியை வெட்டிய பின்னரும், ஏற்கெனவே அமைந்து கிடப்பதைக் கூரை என்று பெயரிடுவது போதாது, செய்கை வேண்டும் என்னும் கொள்கையின்படி அதை அசைத்துப் போடவேண்டும் என்பது ஒரு கருத்து. படுப்பதற்காகப் பின்னிய கோரைப்பாய் பயன்பாட்டுப் பொருள் ஆகிவிட்டதால் செல்லாது. வேய்வதற்கென்றே பின்னிய பாய் செல்லும் என்று மிஷ்னா பிரித்துரைப்பதால், கொங்கு வட்டாரத்தில் தடுக்கு எனப்படும் பின்னிய தென்னங்கீற்று, கூரைக்காகவே முடையப்பட்டிருக்கும்வரை ஏற்புடையதாகும். துத்தநாகத் தகடும் தார்ப்பாயும் மண்ணில் விளைந்தவை அல்ல. வியப்புக்குரியது மற்றொரு விதி: ஆயர்களும் விளைபொருள் காவலர்களும் போட்ட குடில்கூட, நிழலுக்கென முறையாக வேயப்பட்டிருந்தால் விழாவுக்கு உரியதாகும். இதன்படி, காட்டில் பயிர்க்காவலுக்காகக் கரும்புத் தோகையோ பனையோலையோ வேய்ந்து போடப்படும் சாளையும் சட்டத்துக்குள் அடங்கும்.

இத்தகைய விதிகளை 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் ஒழுங்குபடுத்தித் தொகுத்தார். யோசேப் காரோ இயற்றிய சுல்கான் ஆருக் என்னும் சட்டநூல் 1565இல் வெனிஸ் நகரில் அச்சேறியது. அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின், 1568இல், கொச்சி மட்டாஞ்சேரியில் பரதேசி யூதத் தொழுகைக்கூடம் கட்டப்பட்டது. பாலஸ்தீனத்தில் வகுக்கப்பட்டு, பாபிலோனில் விவாதிக்கப்பட்டு, ஐரோப்பாவில் அச்சிடப்பட்ட சட்டம், ஒலிவமும் மிருதுவும் காட்டு மரங்களாக இல்லாத மலையாளக் கரையில் தென்னையோலையைக் கொண்டு எளிதாக நிறைவேறியது. மரத்தின் பெயரைக் கட்டாயமாக்காமல் பொருளின் தகுதியை மட்டுமே சட்டம் கேட்டதால், ஓலையை மாற்றிக்கொள்ள எவருடைய ஒப்புதலும் தேவைப்படவில்லை. விழா நாட்களில் மழை பெய்தால், உள்ளே வைத்த கூழ் கெட்டுப்போகும் அளவுக்கு நனையும்போது குடிலை விட்டு வெளியேறலாம் என்னும் பழைய சலுகையும், ஐப்பசி மழை பெய்யும் கரையில் வாழ்ந்தவர்களுக்குப் பொருத்தமானதே. 1950களில் கேரள யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர்.

கூரையும் விதானமும் இந்நிலத்தில் தகுதியின் அடையாளங்களாகவும் இருந்தன என்பதற்கு அதே யூதர்களின் செப்பேடே சான்று. கி.பி. 1000 அளவில் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூத வணிகத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு வட்டெழுத்தில் பொறித்து வழங்கிய அச்செப்பேடு, அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவுரிமையோடு பகல்விளக்கு, நடக்க விரிக்கும் பாவாடை, குடை, தோரணம், தோரண விதானம் முதலிய எழுபத்திரண்டு உரிமைகளை அளிக்கிறது. தலைக்கு மேல் விதானம் கட்டுவதும் காலடியில் துணி விரிப்பதும் அரசன் கொடுத்தால்தான் ஒருவர்க்கு வாய்க்கும் என்பதே இதன் பொருள். கொங்கு நாட்டிலும் நிலை இதுவே. நாமக்கல்லுக்குத் தெற்கே காவிரிக்கு அக்கரையில் உள்ள கரூரில் காணப்படும் கோனேரின்மைகொண்டானின் கல்வெட்டு, வெங்கால நாட்டுக் கம்மாளர்கள் தங்கள் நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதவும், பேரிகை கொட்டவும், செருப்பணிந்து வெளியே செல்லவும், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசவும் உரிமை வழங்குகிறது. தன் வீட்டுச் சுவரைப் பூசுவதற்கே அரசாணை வேண்டியிருந்த சமூகத்தில், பந்தலும் வெறும் நிழலாக இருந்திருக்க இயலாது.

தமிழகத்தில் திருமணப் பந்தலின் பழமைக்கு அகநானூறு சான்று பகர்கிறது. நல்லாவூர் கிழார் பாடிய 86ஆம் பாடலும் விற்றூற்று மூதெயினனார் பாடிய 136ஆம் பாடலும் பந்தலிட்டு மணல் பரப்பி நிகழ்ந்த மணவிழாக்களை விவரிக்கின்றன. முன்னதில் பந்தலின் கால்கள் வரிசையாக நிற்பது கூறப்படுகிறது. கொங்கு வேளாளர் திருமணங்களில் இப்பந்தல் முறையின் காவலராக விளங்கியவர் அருமைக்காரர். அருமை என்னும் சீரைப் பெற்று, மணவினைகளை முன்னின்று நடத்தும் தகுதி அடைந்த குடும்பத்தலைவரே இவ்வாறு அழைக்கப்படுகிறார். எழுதிங்கள் சீர் செய்துகொண்ட பெண் அருமைக்காரி ஆகிறார். ஆல், அரசு போன்ற பால் வடியும் மரத்திலிருந்து மூன்று கவடுள்ள கிளையை வெட்டி வந்து, மஞ்சள் பூசி, நவதானிய முடிச்சுக் கட்டிப் பந்தலின் வடகிழக்கு மூலையில் நடுவது முகூர்த்தக்கால் எனப்படும். கம்பர் பாடியதாக மரபு கூறும் மங்கல வாழ்த்தைக் குடிமகன் எனப்படும் நாவிதர் பந்தலில் நின்று சொல்வதும், மண்பானைகளைக் குயவர் கொண்டுவருவதும், வெளுத்த துணியால் வண்ணார் மேற்கட்டுக் கட்டி மணமக்கள் நடக்க மாத்து விரிப்பதும் உடன் நிகழ்வன.

மேற்கட்டு என்பது ஓலைக்குக் கீழே கட்டும் துணி விதானம். ஓலைத்தூசி விழாமல் தடுப்பதோடு பந்தலை அழகுபடுத்தவும் அது கட்டப்பட்டது. இதே துணி சுக்காவிலும் சிக்கலுக்கு உரியது: உதிரும் இலையைத் தடுக்கக் கீழே துணி விரித்தால் குடில் செல்லாது என்று மிஷ்னா கூற, அழகுக்காகக் கூரையிலிருந்து நான்கு கையகலத்துக்குள் கட்டினால் செல்லும் என்று தல்மூது விளக்குகிறது. யூதச் சட்டம் துணியின் நோக்கத்தையும் தொலைவையும் கேட்க, கொங்கு வழக்கமோ துணியைக் கட்டுபவர் யார் என்று கேட்டது. அங்கு விதி பொருளைப் பற்றியது. இங்கு ஆளைப் பற்றியது. இந்த வேறுபாட்டிலேயே இரு மரபுகளின் பிற்கால வரலாறும் அடங்கியிருக்கிறது.

ஆளைப் பற்றிய விதி அந்த ஆள் இருக்கும்வரை மட்டுமே நிற்கும். களத்தில் அளக்கும் தானியத்துக்காக ஊழியம் செய்த குடிகள், கல்வியும் கூலியும் கிடைத்தபோது அந்த உறவிலிருந்து விலகியது நியாயமானது; தலைமுறை தலைமுறையாகச் சாதியின் பெயரால் சுமத்தப்பட்ட கடமை மறைந்ததற்கு வருந்த இடமில்லை. அதே காலத்தில் திருமணம் வீட்டு வாசலிலிருந்து கல்யாண மண்டபத்துக்கு நகர்ந்தது. துணி சாமியானாவும் தகரக் கொட்டகையும் கீற்றின் இடத்தைப் பிடித்தன. தீயும் ஒரு காரணமாயிற்று. 2004 ஜனவரி 23 அன்று திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் பந்தல் தீப்பற்றியதில் மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றின் கூரை எரிந்து 94 குழந்தைகள் மாண்டனர். அதன்பின் பள்ளிகளிலிருந்து ஓலைக் கூரைகள் அகற்றப்பட்டன. கீற்று என்றாலே ஆபத்து என்னும் எண்ணமும் மக்களிடம் பரவியது. 2010இல் தொடங்கிய கலைஞர் வீட்டுவசதித் திட்டம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்ற முற்பட்டதால், கூரை வேய்பவரின் தொழிலும் மேலும் சுருங்கியது.

இவ்வளவுக்குப் பின்னும் முகூர்த்தக்கால் நிற்கிறது. வண்ண மின்விளக்குகள் தொங்கும் மண்டபத்தின் ஓரத்தில், மஞ்சள் பூசிய கொம்பொன்று நடப்படுவதைத் திருச்செங்கோட்டிலும் இராசிபுரத்திலும் காணலாம். ஆனால் அதைச் சுமந்திருந்த ஓலையும் நிழலும் அங்கு இல்லை. சடங்கு எஞ்சி, கூரை மறைந்தது. சுக்காவிலோ கூரைதான் சடங்கு என்பதால், அது மறைந்தால் விழாவே இல்லை. எனவே அடுக்குமாடி வீட்டில் வாழும் யூதரும் திறந்த மாடத்தைத் தேடி இலை வேய்கிறார். பொருளின் தகுதியை எழுதி வைத்த மரபு தென்னையை ஏற்று வாழ்ந்தது. ஆளின் கடமையாக மட்டும் விட்டுவைத்த மரபு, அந்த ஆள் விடுதலை பெற்றதும் தன் கூரையை இழந்தது. சேலம், நாமக்கல் சமவெளியில் முறை அறிந்த அருமைக்காரர்களும் தடுக்குப் பின்னுபவர்களும் இன்னும் இருக்கிறார்கள்; பந்தலின் அளவு, மரம், ஓலை, கட்டு ஆகியவற்றை அவர்களிடம் கேட்டு, சாதிக் கடமைகளை நீக்கி, கட்டடக்கலை மரபாக எழுதி வைப்பது வட்டார வரலாற்று ஆய்வாளர்கள் தாமதமின்றி மேற்கொள்ளவேண்டிய பணியாகும்.