கொடைக்கானலில் பிறந்ததா? மாண்டிசோரியின் மலைப்பள்ளி பற்றிய ஒரு மறுவாசிப்பு

கொடைக்கானலை அடுத்த பேத்துப்பாறைப் பக்கத்து மலைச்சரிவுகளில் மரமும் பயிரும் ஓடையுமே பாடமாக, பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து வாழ்ந்து கற்கும் பள்ளிகளுக்கு மூதாதை தேடுபவருக்கு அதிக அலைச்சல் தேவையில்லை. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கியிருந்து, மகன் மாரியோவுடன் சிறு பள்ளி ஒன்றை நடத்திய மரியா மாண்டிசோரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார். ‘பிரபஞ்சக் கல்வி’ என்று பின்னர் பெயர் பெற்ற பாடமுறை இந்த மலையில்தான் பிறந்தது என்ற கூற்றும் தயாராக இருக்கிறது. அந்தக் கூற்றில் பாதிக்கு மேல் ஏற்கத் தக்கதல்ல என்பதே என் வாதம்.

இந்த வாசிப்புக்கு வலுவான அடித்தளம் இட்டவர் வட அமெரிக்க மாண்டிசோரி ஆசிரியர் சங்கத்தின் டேவிட் கான். மாரியோ மாண்டிசோரியையும், கொடைக்கானல் பள்ளியில் உடனிருந்த இலங்கையரான லீனா விக்கிரமரத்னவையும் பேட்டி கண்டு, 1970களின் இறுதியில் ‘கொடைக்கானல் அனுபவம்’ என்ற தலைப்பில் அவர் வெளியிட்டார். அந்தப் பேட்டிகள் இல்லையென்றால் இந்தப் பள்ளியைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இருந்திருக்காது. அந்தக் கடனை மறுக்கவில்லை. ஆனால் அவற்றைப் படிக்கும்போது இரண்டு சங்கதிகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, பேசுபவர்கள் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய நாட்களை நினைவுகூர்கிறார்கள். மற்றது, ஆறு வயதுக்கு மேற்பட்டோருக்கான மாண்டிசோரிப் பாடமுறை நிலைபெற்றுவிட்ட காலத்தில் அதன் தொடக்கத்தைப் பற்றி அவர்களிடம் கேட்கப்படுகிறது. தொடக்கத்தைக் கேட்டால் தொடக்கம்தான் பதிலாக வரும். இடத்தின் பெயரையே தலைப்பாகச் சூட்டியதும், அந்த இடத்தையே காரணமாக எண்ண வைக்கிறது. சிறைவாசம் போன்ற ஒதுக்கம், குளிர்ந்த மலை, பல வயதுப் பிள்ளைகள், திடீரென்று ஒரு தரிசனம்: கதையாக இது நன்றாகவே இருக்கிறது.

காலவரிசை இதற்கு இடம்கொடுப்பதில்லை. பிரபஞ்சத் திட்டம் என்ற எண்ணம் 1935-இல் மாண்டிசோரி லண்டனில் ஆற்றிய உரைகளிலேயே தலைகாட்டிவிட்டது. அவர் சென்னைக்கு வந்ததோ 1939 நவம்பரில், பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பின் பேரில். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் தாயும் மகனும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மாரியோ அகமத்நகர் முகாமுக்கு அனுப்பப்பட்டார். தாயின் எழுபதாவது பிறந்தநாளான ஆகஸ்ட் 31-இல் விடுவிக்கப்பட்டார். கொடைக்கானல் இதற்கெல்லாம் பிந்தியது.

காலவரிசையை விட நூலின் உள்ளடக்கம் இன்னும் கூர்மையான சாட்சி. கொடைக்கானல் ஆண்டுகளின் விளைச்சலாகக் கருதப்படும் ‘மனித ஆற்றலைப் பயிற்றுவித்தல்’ 1948-இல் அடையாறு கலாக்ஷேத்ரா வெளியீடாக வந்தது. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் வாழ்ந்தவரின் நூலில் சோலைக்காட்டையும் புல்வெளியையும் எதிர்பார்த்துப் போனால் கிடைப்பது கடல்! ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் சுண்ணாம்பைப் பவளப் பூச்சிகளும் சிப்பிகளும் உண்டு தீர்த்து நீரைத் தூய்மையாக வைத்திருப்பதுதான் அதன் மைய நாடகம். ஒவ்வோர் உயிரும் தனக்காக உழைக்கும்போதே தன்னை அறியாமல் உலகுக்கும் உழைக்கிறது என்ற கருத்து அதிலிருந்தே எழுகிறது. இது மலையில் கண்டதல்ல. இத்தாலிய நிலவியலாளரும் பாதிரியாருமான அந்தோனியோ ஸ்டொப்பானியின் ‘நீரும் காற்றும்’ நூல், கடலும் வளிமண்டலமும் உயிர்களால் தூய்மை காக்கப்படுவதைத்தான் பேசுகிறது. அது 19-ஆம் நூற்றாண்டின் நூல். மாண்டிசோரியின் தாய் ரெனில்டே பிறப்பால் ஸ்டொப்பானி. அந்த அறிஞருக்கு இவர் உறவுமுறை என்பார்கள். அந்த உறவு ஐயமற நிறுவப்படவில்லை, இங்கே அது தேவையும் இல்லை. உறவினரோ இல்லையோ, அந்தக் கடல் கொடைக்கானல் ஏரியிலிருந்து வந்ததல்ல.

கானின் வாசிப்புக்கு ஆதரவாகக் காட்டத்தக்க இடம் என நான் கருதுவது வேறொரு நூலில் இருக்கிறது. 1909-இல் வெளிவந்த மாண்டிசோரியின் முதல் பெரிய நூலில் கல்வியில் இயற்கையின் இடம் பற்றி ஓர் இயல் உண்டு. 1912-இல் ஆன் ஜார்ஜ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அது பத்தாவது இயல். அங்கே இயற்கை ஓர் ஒழுக்கப் பயிற்சி: விதைத்த பிள்ளை காத்திருக்கப் பழகுகிறது, தண்ணீர் ஊற்றாவிட்டால் செடி வாடும் என்று முன்னறியக் கற்கிறது, மனித இனம் உழவு வழியாக நாகரிகம் அடைந்த பாதையிலேயே நடக்கிறது. தோட்டத்தைச் சுற்றி வேலி இருப்பது படிக்கும்போதே தெரியும். ‘குழந்தையைக் கண்டறிதல்’ என்ற பெயரில் அந்நூல் விரிந்த வடிவத்தில் வேலி இல்லை. மழை பெய்தால் பிள்ளைகளை வெளியே விடுங்கள், தேங்கிய நீரைக் கண்டால் செருப்பைக் கழற்றட்டும் என்ற பொருளில் ஒரு பகுதி புதிதாக நிற்கிறது. இந்த மழை எந்த ஊர் மழை?

பழனி மலை மழை என்று சொல்லிவிட ஆசைதான். விரிந்த வடிவத்தின் ஆங்கிலப் பதிப்பும் 1948-இல் அடையாற்றில்தான் அச்சானது. ஆனால் மூல நூல் 1909-க்குப் பின் 1913, 1926, 1935, 1950 என்று நான்கு முறை திருத்தப்பட்டது. இவற்றில் 1948-க்கு முந்தைய எந்தத் திருத்தத்திலும் இப்படி ஒரு பகுதி நுழைய இடமுண்டு. அடையாறு அச்சு மேல் எல்லையைத்தான் தருகிறது, பிறந்த தேதியை அல்ல. கொடைக்கானலில் ஐப்பசி மழையில் பிள்ளைகளைச் செருப்பில்லாமல் நிற்கச் சொல்லும் துணிவு ஊர்க்காரர் எவருக்கும் வராது என்பதையும் சொல்லி வைக்கிறேன். இதை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்.

எனில் மலை தந்தது என்ன? இங்கேதான் சான்று மெலிகிறது, இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மலை தந்தது சேகரிக்கும் பழக்கம். மாண்டிசோரி வந்தபோது கொடைக்கானல் செடிகளைப் பெயரிட்டு அடுக்குவதில் ஒரு நூற்றாண்டுப் பழக்கமுள்ள ஊர். ராபர்ட் வைட் 1836-இல் இந்த மலையில் செடி திரட்டினார். ஆல்ஃபிரட் போர்னும் அவர் மனைவியும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திரட்டினார்கள். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஃபைசன் நீலகிரி, பழனி மலையுச்சித் தாவரங்களைப் பற்றி 1915 முதல் 1921 வரை நூல் வெளியிட்டார். செண்பகனூரில் 1895-இல் நிறுவப்பட்ட இயேசு சபைக் கல்லூரியின் பாதிரியார்களும் அதே வேலையில் இருந்தார்கள். மூன்று முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைக்கு இலை வடிவ அட்டை போதும். அதைத் தாண்டிய பிள்ளை வெளியே போய்த் தானே பறித்து வந்து, குடும்பம், இனம் என்று பிரிக்க வேண்டுமானால், கையருகே செடிகளும் அவற்றுக்குப் பெயர் சொல்லத் தெரிந்த சூழலும் வேண்டும். இரண்டும் ஒருசேர உள்ள ஊர்கள் தென்னிந்தியாவில் அன்று எத்தனை? மாண்டிசோரி செண்பகனூர் போனார் என்பதற்குச் சான்று காட்ட என்னால் முடியாது. போயிருக்கத் தேவையில்லை என்பதே என் நிலை. ஊரின் பழக்கம் ஆளைத் தேடி வரும். குறிஞ்சி பூத்ததை மட்டும் அவர் அங்கே பார்த்திருக்க முடியாது. அது 1934-இல் பூத்தது, அடுத்து 1946-இல்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு குறையும் உண்டு. கானின் வாசிப்பு அதைத் தொடவில்லை. செடிக்குப் பெயரிட்டவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள். அதே மலையின் சரிவுகளில் பளியர் பிள்ளைகள் எந்தக் கொடி பற்றிய இடத்தில் தோண்டினால் கிழங்கு கிடைக்கும், தேன் எந்தப் பாறையில் எந்த மாதம் முதிரும் என்று பெரியவர்களோடு நடந்தே கற்றார்கள். ஆசிரியர் இல்லாத, வயதுப் பிரிவு இல்லாத அந்தப் படிப்பைப் பிள்ளை மையக் கல்வியின் வரலாற்றில் சேர்ப்பதா வேண்டாமா என்பது விவாதத்துக்குரியது. சேர்க்காமல் ‘கொடைக்கானல் அனுபவம்’ என்று தலைப்பிடுவது சரியல்ல.

பின்வந்த பள்ளிகளோடு முடிச்சுப் போடுவதிலும் நிதானம் வேண்டும். பழனி மலையில் பிரையன் ஜென்கின்ஸ் 1989-இல் தொடங்கிய சோலை பள்ளி, இயற்கை வேளாண்மை, சூரிய ஒளி, சாண எரிவாயு ஆகியவற்றோடு சேர்ந்து வளர்ந்த சமூகப் பள்ளி. அதன் சிந்தனை வேர் ஜே. கிருஷ்ணமூர்த்தி, மாண்டிசோரி அல்ல. கிருஷ்ணமூர்த்தி பிரம்மஞான சபையின் தலைமையிடமான அடையாற்றில் வளர்க்கப்பட்டு, 1929-இல் தம் பெயரால் நடந்த அமைப்பைக் கலைத்து வெளியேறியவர். பத்து ஆண்டு கழித்து அதே அடையாறுதான் மாண்டிசோரியை வரவேற்றது. இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடம் என்று ஒன்றைக் குறிக்கச் சொன்னால் நான் அடையாற்றைத்தான் குறிப்பேன். கொடைக்கானலில் அவை ஒன்றையொன்று தொட்டதாக இதுவரை வாசித்த எதிலும் இல்லை. முன்னே விட்டுவந்த, மழைப் பகுதி எப்போது நுழைந்தது என்ற கேள்விக்கும் மலையில் விடை தேட வேண்டியதில்லை. 2000-இல் பாவோலா திரபல்ஸீனி ஐந்து பதிப்புகளையும் ஒப்பிட்டு வெளியிட்ட செம்பதிப்பை இத்தாலிய மொழி அறிந்த ஒருவர் அந்த ஓர் இயலுக்காக வரிவரியாகப் படித்தால் போதும்.