பக்கவாத்தியம் கடல் கடந்தபோது: திருச்சி, ஸ்ரீரங்கம் சார்ந்து சில குறிப்புகள்

ஊரை விட்டுப் போகிறவனைக் குறிக்க நம்மிடம் சொற்கள் இருக்கின்றன. பிழைக்கப் போனவன், கூலிக்குப் போனவன், படிக்கப் போனவன், ஓடிப் போனவன், அகதி. ஒவ்வொன்றும் ஒரு நிர்ப்பந்தத்தின் பெயர். ஆனால் ஒரு மனிதன் தனக்குள்ளே இருக்கிற இரண்டு ஆசைகள் ஒரே ஊரில் வாழ முடியவில்லை என்பதற்காகவே தேசம் மாறுகிறான் என்றால் அதற்கு நம்மிடம் சொல் கிடையாது. ஐரோப்பாவில் இப்படிப் போகிறவர்கள் உண்டு. அலைமேல் பலகை ஏறி நிற்பதில் பித்து, கூடவே ஃபிளமெங்கோ கிதாரிலும் பித்து. இரண்டும் வேண்டும் என்கிறவன் ஸ்பெயினின் தெற்கு மூலையில் காதிஸ் மாகாணத்துக்கு மூட்டை கட்டுகிறான். அங்கே அட்லாண்டிக் அலையும் இருக்கிறது, பாக்கோ தெ லூசியா 1947இல் பிறந்த அல்ஹெசிராஸ் துறைமுகமும் இருக்கிறது. இதைக் கேட்டால் நம் ஊரில் 'கொழுப்பு' என்பார்கள். அப்படிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆசையின் பொருட்டு இடம்பெயர்தல் என்பது வர்க்கச் சலுகை மட்டும்தானா? நிர்ப்பந்தமும் ஆசையும் உண்மையிலேயே இரண்டு தனித்தனிப் பெட்டிகளா? திருச்சியிலிருந்து போன ஒருவரை வைத்து இதை யோசித்துப் பார்க்கலாம்.

லால்குடிப் பக்கம் பூவாளூரில் 1942இல் பிறந்தவர் திருச்சி சங்கரன். மிருதங்கம். குரு, பழநி சுப்பிரமணிய பிள்ளை. பதின்மூன்று வயதில், குருவும் மேடையில் இருக்க, ஆலத்தூர் சகோதரர்கள் கச்சேரியில் வாசித்து அரங்கேறியவர். 1971இல் டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். போனவர் அங்கேயே பேராசிரியராகத் தங்கினார். மார்கழி வந்தால் சென்னை மேடைக்குத் திரும்பி வந்துகொண்டும் இருந்தார். தகவல் இவ்வளவுதான். 'கடல் கடந்து தமிழிசையைப் பரப்பினார்' என்று ஒரு வாக்கியத்தில் முடித்து, பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவது நம் வழக்கம். பரப்புதல் என்கிற இந்தச் சொல்லாடலே சந்தேகத்துக்குரியது. இங்கே நிரம்பி வழிந்ததால் அங்கே போய்ச் சேர்ந்தது என்பது மாதிரி ஒரு பாவனை அதில் இருக்கிறது. மிருதங்கத்துக்கு இங்கே இருந்த இடம் என்ன என்று கேட்டால் பாவனை கலைந்துவிடும்.

பழநியிலிருந்தே தொடங்குவோம். அவர் இடதுகைக்காரர். கச்சேரி மேடையில் பாடகருக்கு வலப்புறம் மிருதங்கம், இடப்புறம் வயலின். மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்க்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட அமைப்பு இது. வலது கை வாசிப்பை மட்டும் இயல்பு என்று எடுத்துக்கொண்ட அமைப்பு என்றும் சொல்லலாம். இடதுகைக்காரர் வாசித்தால் அவர் மறுபுறம் உட்கார வேண்டும், வயலின்காரர் இடம் மாற வேண்டும். மாற மாட்டேன் என்று மறுத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். செம்பை வைத்தியநாத பாகவதர் போன்ற ஒருவர் பிடிவாதமாகப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டதால்தான் பழநி மேடையில் நிலைத்தார். நாதம், கணக்கு, கும்கி என்று பேசுகிறவர்கள் இதை ஒரு சுவாரஸ்யமான துணுக்காகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு இது துணுக்காகப் படவில்லை. மேடை என்பது வெறும் பலகை இல்லை, அது ஓர் இலக்கணம். யார் எங்கே உட்காரலாம், யாருடைய கை எந்தப் பக்கம் திரும்பலாம் என்று அது முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது. ஒரு கலைஞனுடைய உடம்பு அந்த இலக்கணத்துக்கு வழுவாகிப் போகிறது.

பழநி வந்த புதுக்கோட்டை வழியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதன் மூலவராகச் சொல்லப்படும் மான்பூண்டியா பிள்ளை அரண்மனையில் லாந்தர் பிடித்த வேலைக்காரர் என்று கதை. கஞ்சிராவுக்குக் கச்சேரியில் ஆசனம் வாங்கிக் கொடுத்தவர் அவர். அவருக்குப் பின் தட்சிணாமூர்த்தி பிள்ளை. பழநியின் அப்பா முத்தையா பிள்ளை. தவிலின் கணக்கு மிருதங்கத்துக்குள் இறங்கிய வழி இது. கோயில் வாசலிலும் வீதி உலாவிலும் நின்று வாசித்த தவிலின் மூளை, சபாவுக்குள் உட்கார்ந்து வாசிக்கும் மிருதங்கத்தின் உடம்பில் புகுந்துகொண்டது. புகுந்தாலும் அதற்குப் பெயர் 'பக்க'வாத்தியம்தான். தனி ஆவர்த்தனம் என்று ஒன்று உண்டே என்பீர்கள். உண்டு. தனி ஆரம்பித்ததும் கேன்டீனில் கூட்டம் சேருவதும் உண்டு. திருச்சியிலும் பார்த்திருக்கிறேன், மயிலாப்பூரிலும் பார்த்திருக்கிறேன். ரவா தோசைக்கும் கோர்வைக்கும் நடக்கும் போட்டியில் கோர்வை ஜெயித்து நான் பார்த்தது அபூர்வம்.

சங்கீத கலாநிதி விருது 1942 முதல் வழங்கப்படுகிறது. மிருதங்கக்காரர் ஒருவருக்கு அது முதன்முதலாகக் கிடைத்தது 1966இல், பாலக்காடு மணி ஐயருக்கு. பழநி 1962லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இனி மறுகரை. அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகம். அங்கே 1960களின் தொடக்கத்தில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கப் போனவர் டி. ரங்கநாதன். பின்னால் அவருடைய சகோதரர், புல்லாங்குழல் விஸ்வநாதனும் அங்கே போனார். சகோதரி பாலசரஸ்வதியும் போய்க் கற்றுக்கொடுத்தார். வீணை தனம்மாளின் பேரப்பிள்ளைகள். எந்தக் குடும்பத்தின் கலை மரபு இங்கே சட்டமன்றத்திலும் பத்திரிகையிலும் ஒழுக்கப் பிரச்சினையாக விவாதிக்கப்பட்டு, 1947இல் சட்டத்தின் மூலம் முடிவுக்கு வந்ததோ, அதே குடும்பத்தின் மூன்று பேருக்கு ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் 'ஆசிரியர்' என்று நாற்காலி போட்டது. சட்டம் தேவையில்லை என்று நான் சொல்லவரவில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்தில் இருந்த சுரண்டலை மறைத்துவிட்டுக் கலையை மட்டும் பிரித்தெடுத்து அழுகிற ரசிகத்தனம் எனக்கு ஒத்துவராது. ஆனால் இங்கே 'இழிவு' என்று பெயர் வாங்கியது அங்கே 'பாடத்திட்டம்' என்று பெயர் வாங்கியது ஏன் என்பதைக் கேட்காமல் இருக்க முடியாது.

அந்த வெஸ்லியனில் இவர்களிடம் படித்துவிட்டு 1964இல் சென்னைக்கு வந்தவர் ஜான் ஹிக்கின்ஸ். மாசசூசெட்ஸ்காரர். 'ஹிக்கின்ஸ் பாகவதர்' என்று நாம் கொண்டாடினோம். வெள்ளைக்காரர் வேட்டி கட்டிக்கொண்டு கிருதி பாடுவதில் நமக்கு ஒரு கிளுகிளுப்பு இருந்தது, இல்லையென்று சொல்ல வேண்டாம். இந்த ஹிக்கின்ஸும் சங்கரனும் சேர்ந்துதான் 1971இல் யார்க்கில் இந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார்கள். ஹிக்கின்ஸ் பிறகு வெஸ்லியனுக்கே திரும்பி, 1984 டிசம்பரில் சாலையில் வாகனம் மோதி இறந்துபோனார். சங்கரன் டொராண்டோவிலேயே இருந்தார்.

1971 என்ற வருஷத்தைக் கவனியுங்கள். அந்த அக்டோபரில்தான் கனடா அரசு பன்முகப் பண்பாட்டைத் தன் கொள்கையாக அறிவிக்கிறது. அதற்கு நாலு வருஷம் முன்பு, 1967இல், தோல் நிறத்தை விட்டுவிட்டுப் படிப்புக்கும் திறமைக்கும் மதிப்பெண் போட்டு ஆள் எடுக்கும் குடியேற்ற முறை வந்திருந்தது. ஆக, திருச்சியிலிருந்து ஒரு மிருதங்கம் டொராண்டோ போனதற்குப் பின்னால் ஒரு நண்பரின் அழைப்பு மட்டும் இல்லை, ஒரு அரசின் சுயபிம்பத் தேவையும் இருந்தது. நம்மை 'மற்றமை'யாக வைத்து அழகு பார்க்கும் பன்முகப் பண்பாடு பற்றி எனக்குப் பெரிய மயக்கம் எதுவும் கிடையாது. என்றாலும் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். அங்கே மிருதங்கம் யாருக்கும் பக்கத்தில் உட்காரவில்லை. வகுப்பறையின் நடுவில் உட்கார்ந்தது. வாய்ப்பாட்டே இல்லாமல் தாளத்தை மட்டும் மூன்று மணி நேரம் பேசலாம், எழுதலாம், பரீட்சை வைக்கலாம். கொன்னக்கோல் அங்கே தனிப் படிப்பு. சங்கரன் ஜாவாவின் கமலான் குழுவுக்கு இசையமைத்தார்; தாளத்தை முதன்மையாக வைத்துப் புத்தகம் எழுதினார். பக்கம் என்பது மையமாக மாறுவதற்குப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பறக்க வேண்டியிருந்தது. இது ஆசையா, நிர்ப்பந்தமா?

கிதார் விஷயத்துக்கு வருகிறேன், அதை விட்டுவிடவில்லை. ஜான் மக்லாலின் என்கிற ஆங்கிலேயக் கிதார்காரர் இதே வெஸ்லியனில்தான் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பழகினார். 1970களின் நடுவில் 'சக்தி' குழுவில் எல். சங்கரின் வயலின், விக்கு விநாயக்ராமின் கடம் ஆகியவற்றுக்கு நடுவே அவர் உட்கார்ந்தார். சில வருஷங்களிலேயே பாக்கோ தெ லூசியாவோடு மேடை ஏறினார். ஒரு கை கடத்துக்கு, ஒரு கை ஃபிளமெங்கோவுக்கு. உடனே நம்மவர்கள் ஆரம்பித்துவிடுவார்கள்: ஜிப்ஸிகள் இந்தியாவிலிருந்து போனவர்கள்தானே, ஃபிளமெங்கோவே நம்முடையதுதானே! ரோமானி மொழி இந்திய ஆரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது மொழியியல் உறுதி செய்த உண்மை. அதிலிருந்து ஃபிளமெங்கோவுக்குத் தாவுவது வரலாறு ஆகாது, அது வெறும் பெருமைப் பசி. ஆந்தலூசியாவின் ஏழை ஜனங்களும் ஜிப்ஸிகளும் சேர்ந்து அந்த மண்ணில் உண்டாக்கியது அது. அதன் தாளப்பெட்டி என்று இன்று எல்லாரும் நினைக்கிற கஹோன், பெருநாட்டு ஆப்பிரிக்க அடிமைகளின் வழி வந்தது. 1970களின் இறுதியில் பாக்கோதான் அதைத் தன் குழுவுக்குள் கொண்டுவந்தார். ஐம்பது வருஷம்கூட ஆகாத 'மரபு' அது. நம் வயலின் மாதிரி. பாலுஸ்வாமி தீட்சிதர் வெள்ளைக்காரர்களின் வாத்தியத்தை மடியில் சாய்த்ததை மறந்துவிட்டுத்தானே மரபு பற்றி இவ்வளவு உரக்கப் பேசுகிறோம். (கிதாரும் கடலும் என்றால் ராணிப்பேட்டை பிரசன்னா ஞாபகத்துக்கு வருகிறார். சென்னை ஐஐடியில் கப்பல் கட்டும் பொறியியல் படித்துவிட்டு, கிதாரைத் தூக்கிக்கொண்டு பாஸ்டனின் பெர்க்லீக்குப் போனவர். இரண்டு ஆசையில் ஒன்றைக் கரையிலேயே விட்டுவிட்டார் போலிருக்கிறது.)

போனது சரி, திரும்பி வரும்போது என்ன நடக்கிறது? இதற்கு ஸ்ரீரங்கத்தில் பழைய கதை ஒன்று உண்டு. நான் இந்த ஊர்க்காரன் என்பதால் சொல்லவில்லை. புலம்பெயர்வு பற்றி நான் படித்த கோட்பாட்டு நூல்கள் பலவற்றைவிட அது கூர்மையாக இருக்கிறது என்பதால் சொல்கிறேன். 1323 படையெடுப்பின்போது உற்சவரைத் தூக்கிக்கொண்டு பிள்ளை லோகாசாரியார் தெற்கே போகிறார். ஜோதிஷ்குடியில் அவர் உயிர் போய்விடுகிறது. உற்சவர் மட்டும் மலையாள தேசம், மேல்கோட்டை, திருமலை என்று அலைந்து, 1371இல் விஜயநகரத்துத் தளபதி கோபணார்யன் மூலம் திரும்பி வருகிறார். நாற்பத்தெட்டு வருஷம். அதற்குள் இங்கே வேறொரு உற்சவரை வைத்துப் பூஜை நடந்துகொண்டிருந்தது. வந்தவர்தான் அசல் என்று அடையாளம் சொல்ல ஆள் இல்லை. கடைசியில் கண் தெரியாத கிழ வண்ணார் ஒருவர், அந்தக் காலத்தில் பெருமாளின் ஈரவாடையைத் துவைத்தவர், திருமஞ்சன வஸ்திரத்தைப் பிழிந்த தண்ணீரின் வாசனையை வைத்து 'இவர்தான் நம் பெருமாள்' என்றாராம். நம்பெருமாள் என்ற பெயரே அப்படி வந்தது என்று கோயிலொழுகு சொல்கிறது.

ஆசாரியர்களும் ஸ்தலத்தார்களும் ஏடுகளும் இருந்த ஊரில் அசலுக்குச் சான்று சொல்ல ஒரு வண்ணாரின் மூக்குதான் மிஞ்சியது. உள்ளே நுழைய எவ்வளவு தூரம் அனுமதி இருந்ததோ தெரியாத ஒரு மனிதரின் உழைப்பு ஞாபகம். வெளிநாடு போய்த் திரும்பும் கலைஞனின் 'கலப்படமின்மை'க்குச் சான்று கொடுக்கிறவர்கள் இன்று யார்? சபா செயலாளரும் விமர்சகரும். அவர்கள் மோந்து பார்ப்பது எதை? கமலானோடு வாசித்த கை இன்னும் பழநி பாணியில்தான் வாசிக்கிறதா என்று சரிபார்க்கிறார்கள். தோலை வார்பிடித்து மிருதங்கம் செய்து கொடுக்கிற தொழிலாளியைக் கேட்டால் அவர் வேறு ஒன்றைச் சொல்லக்கூடும். யாரும் அவரைக் கேட்பதில்லை. தோல் தொடுகிறவருக்கு மேடையில் பக்கமாகக்கூட இடமில்லை.

டொராண்டோ கதை இதோடு முடியவில்லை. சங்கரன் போனபோது அந்த நகரத்தில் தமிழ்க் குரல் கேட்பது அபூர்வம். வகுப்பில் கனடியப் பிள்ளைகள். 1983 ஜூலைக்குப் பிறகு கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால், உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்களை மீனவர்கள் கரை சேர்த்தார்கள். காதிஸில் பலகை ஏறி நிற்கிறவன் தேடிப்போகும் அதே அட்லாண்டிக்தான். அங்கே அலை ஒரு விருப்பம். இங்கே அது தண்ணீர், அவ்வளவுதான். தமிழனும் கடலும் என்று பழம்பெருமை பேசும் கட்டுரைகளில் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போன கதை வரும், இந்தப் படகுகள் வராது.

இப்படி வந்தவர்கள் சில வருஷங்களுக்குள் பிள்ளைகளைப் பரதத்துக்கும் மிருதங்கத்துக்கும் அனுப்பத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகத்தில் 'உலக இசை'யாக இருந்த மிருதங்கம் டொராண்டோவின் புறநகர் மண்டபங்களில் அரங்கேற்ற வாத்தியமாக மாறியது. பழையபடி நர்த்தகிக்கும் பாட்டுக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆசைப்பட்டுப் போனவரும் துரத்தப்பட்டுப் போனவர்களும் ஒரே ஊரில், ஒரே வாத்தியத்துக்கு இரண்டு வேறு இடங்களை ஒதுக்கியிருந்தார்கள்.

திருச்சி வானொலி 1939இல் தொடங்கியது. எங்கள் வீட்டில் அதில் கச்சேரி ஓடும்போது தனி வந்தால் சித்தப்பா மட்டும் ஒலியைக் கூட்டி வைப்பார். மற்றவர்கள் 'போதும், குறை' என்பார்கள். 2011இல் சென்னை மியூசிக் அகாடமி சங்கரனுக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தது. நாற்பது வருஷம் கழித்து. பத்திரிகைகளில் அவர் பெயருக்கு முன்னால் 'திருச்சி' என்றும் பின்னால் 'கனடா' என்றும் போட்டார்கள். பூவாளூர் என்று யாரும் போட்டதாக நான் பார்க்கவில்லை.