பனங்களியும் பெக்ரினும்: ஊர்காவற்றுறைத் தீவகத்தை முன்னிட்டு ஒரு குறிப்பு

பனையைக் 'கற்பகதரு' எனப் போற்றுவது நமது மரபு. 'தாலவிலாசம்' என்னும் தமிழ்நூல் பனையின் 801 பயன்களைக் கூறுவதாக எமர்சன் தெனந்து 1859 இல் எழுதினார். கேட்டதைக் கொடுக்கும் மரம் என்ற இப்படிமம் கவித்துவமானதுதான். ஆயின் கொடுப்பது மரமா, உழைப்பா என்னும் வினாவை அது எழாமலே செய்துவிடுகிறது.

பனாட்டை எடுத்துக்கொள்வோம். ஆவணி, புரட்டாதியில் விழும் பழத்தைப் பொறுக்கித் தோலுரித்து, தும்பிலிருந்து களியைப் பிசைந்தெடுத்துப் பாயில் பூசி வெயிலில் உலர்த்துவர். காய்ந்த படையின்மேல் மறுபடை பூசுவர். இவ்வாறு பல நாட் சென்றபின்னரே அது உரித்தெடுக்கத்தக்க தகடாகும். இக்களியை இறுகச்செய்யும் பொருள்களுள் ஒன்று பெக்ரின். தாவரக் கலங்களின் சுவரிலும் கலங்களை ஒன்றோடொன்று ஒட்டும் இடைப்படையிலும் உள்ள மாப்பொருளினப் பொருள் அது. பழம் கனியும்போது நொதியங்கள் அதனைக் கரைப்பதாலேயே சதை நெகிழ்கிறது. நீர் வற்றி வெல்லம் செறிய, கரைந்த பெக்ரின் இழைகள் மீண்டும் பின்னிக்கொள்கின்றன. 1790 இல் வோக்கெலின் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் இப்பொருளை முதலிற் கண்டது நமக்குப் பழக்கமான புளியம்பழத்திலேயே; 1825 இல் பிராக்கொன்னோ அதற்குப் பெயரிட்டார். பெயரிட்டவரை வரலாறு அறியும். எத்தனை படை பூசவேண்டும், எப்போது உரிக்கவேண்டும் எனக் கைப்பதத்தால் அறிந்த பெண்களை அது அறியாது.

வித்தின் கதை இன்னும் சுவையானது. பனங்கொட்டையின் கடினமான வெண்பருப்பு தன் உணவைப் பெரும்பாலும் தடித்த கலச்சுவர்களிலேயே சேமித்துள்ளது. இது பெக்ரினன்று, மன்னன் எனும் வேறொரு சுவர்ப்பொருள் (அரசனைக் குறிக்கும் சொல்லன்று). பாத்தியில் அடுக்கிய விதை முளைத்ததும், சிறுவர் விரும்பியுண்ணும் பூரான் உள்ளே வளர்ந்து அச்சுவரைக் கரைத்து உறிஞ்சுகிறது. அது மண்ணுள் இறங்கிக் கிழங்கில் மாவாகின்றது. கிழங்கைத் தாவரவியலார் வேரென்னார். அது முளையின் பகுதியே. அதனைக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஆறில்லாத, நெல் அரிதான தீவுகளில் ஒடியற்கூழும் பிட்டும் ஏழைகளின் வயிற்றை நிரப்பிய காலங்கள் உண்டு. மரமேறிய சீவற் தொழிலாளரைச் சாதியின் பெயரால் ஒதுக்கிய சமூகமே அம்மரத்தைக் கற்பகதரு என்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

1978 இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தபின் பனம்பொருள் ஆய்வு நிறுவனமயப்பட்டது. களியின் கசப்பும் பெக்ரினும் ஆய்வுகூடத்தை அடைந்தன. ஆயினும் கூலி, நிலவுரிமை பற்றிய கேள்விகள் அங்கு செல்லவில்லை என்றே கருதுகிறேன்.

1990 இல் இராணுவம் தீவுகளைக் கைப்பற்றியபோது மக்களிற் பெரும்பாலானோர் இடம்பெயர்ந்தனர். பொறுக்க ஆளின்றி விழுந்த பழங்கள் கிடந்த இடத்திலேயே நெகிழ்ந்தன. வித்துக்கள் பாத்தியின்றியே வேர்விட்டன. பல்லாண்டுகளின் பின் திரும்பியோர் தம் வளவுகளில் வடலிக்காட்டையே கண்டனர்.