கணினிக்குள் இருக்கும் விலை

கம்போங் ராஜாவில் பிள்ளைகளின் படிப்புக்காகக் கணினி வாங்கும் குடும்பம், பெட்டிக்கு மட்டும் பணம் கொடுப்பதில்லை. பெட்டியை வேலைவாங்கும் கட்டளைத் தொகுப்பு ஒன்று உள்ளே இருக்கிறது. அதற்கு இயங்குதளம் என்று பெயர். அந்தக் கண்ணுக்குத் தெரியாத சரக்குக்கு விலை தகுமா?

ஆதியில் பெருங்கணினிகளை விற்ற ஐ.பி.எம். நிறுவனம் மென்பொருளையும் இயந்திரத்தோடு சேர்த்தே தந்தது. 1969இல்தான் சிலவற்றுக்குத் தனி விலை வைப்பதாக அறிவித்தது. பின்னர் மைக்ரோசாப்ட் நிறுவனம் இயங்குதளத்தை விற்றே பெருஞ்செல்வம் ஈட்டியது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸோ காசில்லாமல் பரவலாயிற்று.

நம் நாட்டுக்கு வருவோம். 2004இல் மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா முதலிய நாடுகளுக்கென்று விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்ட்டர் என்ற மலிவுப் பதிப்பை மைக்ரோசாப்ட் அறிவித்தது. ஒரே நேரத்தில் மூன்று செயலிகளுக்கு மேல் அதில் திறக்க முடியாது. வருமானம் குறைந்தவர்களுக்கு மூன்று கதவு போதும் என்று யார் கணக்கிட்டார்களோ! அதே ஆண்டில் நம் அரசு, தன் அலுவலகங்களுக்குத் திறந்த மூல மென்பொருள் திட்டத்தைத் தொடங்கியது.

எழுதவும் படிக்கவும் மட்டுமென்றால் லினக்ஸ் போதும் என்பது நம் கருத்து. பள்ளி கேட்கும் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடுமானால் விலை தகும். ஆனால் அந்த விலை, திருட்டு நிரல்களைத் தடுக்கும் திருத்தங்களுக்கும் சேர்த்துத்தான். அவை என்றென்றைக்கும் வருவதில்லை. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரிலும் வழக்கமான திருத்தங்கள் நின்றுபோயின.