ஃபோனோ உள்ளீடு: இசைத்தட்டையும் ஆம்ப்ளிஃபயரையும் இணைத்த வரலாறு

ஃபோனோ உள்ளீடு என்பது, இசைத்தட்டைச் சுழற்றி இயக்கும் டர்ன்டேபிளிலிருந்து வரும் மிகச் சிறிய மின்குறிகையைப் பெற்றுப் பெருக்கி, அதன் தொனியையும் சரிசெய்வதற்காக வீட்டு ஆம்ப்ளிஃபயர்களில் அமைக்கப்பட்ட தனி இணைப்பு ஆகும். இன்று புதிதாக டர்ன்டேபிள் வாங்கி, அதை ஆம்ப்ளிஃபயரின் சாதாரண உள்ளீடு ஒன்றில் செருகுவோர் பலருக்கும் ஏமாற்றமே கிடைக்கிறது. ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் மெலிந்து கேட்கிறது. மிருதங்கத்தின் தொப்பி முழக்கம் காணாமற்போய், 'ஸ்', 'ச்' ஓசைகள் மட்டும் தூக்கலாக ஒலிக்கின்றன. பெரும்பாலும் பழுது எதுவும் இல்லை. இசைத்தட்டில் இருப்பது முழுமையான ஒலி அன்று. அதன் மறுபாதி ஆம்ப்ளிஃபயரில் இருக்க வேண்டும் என்பது 1954ஆம் ஆண்டின் ஏற்பாடு. அந்த ஏற்பாடு எப்படி வந்தது, பின்னர் எப்படி மறக்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மின்சாரம் இல்லாத காலம்

தாமசு எடிசன் 1877இல் தகரத்தாள் சுற்றிய உருளையில் குரலைப் பதிந்து திரும்பக் கேட்டார். எமில் பெர்லினர் 1887இல் தட்டையான தட்டில் பதியும் கிராமபோனுக்குக் காப்புரிமை கோரினார். அக்காலத்தில் பாடகர் பெரிய புனல் ஒன்றின் முன் நின்று பாட, குரலின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறியது. கேட்கும்போதும் அப்படியே: ஊசியின் அசைவு மெல்லிய தகடு ஒன்றை அதிரச் செய்ய, குழாய் வழியாக ஒலி வெளிவந்தது. இடையில் மின்சாரமும் இல்லை, ஆம்ப்ளிஃபயரும் இல்லை. ஆகவே இணைப்புச் சிக்கலும் இல்லை.

மின்பதிவும் வரிப்பள்ளத்தின் சிக்கலும்

1925இல் விக்டர், கொலம்பியா ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் மின்முறைப் பதிவுக்கு மாறின. மைக்ரோஃபோனில் பிடித்த ஒலியை வால்வுகள் கொண்டு பெருக்கி, மின்காந்த வெட்டுக்கருவியால் தட்டில் பதிந்தனர். ஒலியின் தரம் வெகுவாக உயர்ந்தது. ஆனால் புதிய சிக்கல் ஒன்று எழுந்தது.

இத்தகைய வெட்டுக்கருவியில், சம அளவு மின்குறிகைக்கு, அதிர்வெண் குறையக் குறைய ஊசியின் பக்கவாட்டு வீச்சு கூடுகிறது. 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்குரிய வீச்சைப் போல் 20 மடங்கு வீச்சு 50 ஹெர்ட்ஸ் ஒலிக்குத் தேவைப்படும். அப்படியே வெட்டினால் ஒரு வரிப்பள்ளம் பக்கத்து வரிப்பள்ளத்துக்குள் பாய்ந்துவிடும். எனவே தாழ் ஒலிகளைக் குறைத்துப் பதிந்தனர். மறுபுறம், உயர் ஒலிகளுக்குரிய வீச்சு மிக நுண்ணியது. தட்டின் மேற்பரப்பு எழுப்பும் இரைச்சலில் அது மூழ்கிவிடும். ஆகவே பின்னாளில் உயர் ஒலிகளைக் கூட்டிப் பதியும் வழக்கமும் வந்தது. கேட்கும்போது இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்: குறைத்ததைக் கூட்டி, கூட்டியதைக் குறைக்க வேண்டும். உயர் ஒலியைக் குறைக்கும்போது தட்டின் இரைச்சலும் சேர்ந்து குறைவது இதில் கிடைக்கும் ஆதாயம். இம்முறைக்குச் சமன்படுத்தல் என்று பெயர்.

ஆளுக்கொரு வளைவு

எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்பதில் நிறுவனங்களிடையே ஒற்றுமை இல்லை. கொலம்பியா நிறுவனம் 1948இல் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுகள் சுழலும் நெடுந்தட்டை அறிமுகப்படுத்தியது. ஒரு பக்கத்தில் 20 நிமிடத்துக்கு மேல் இசை அடங்கியது. நெருக்கமான நுண்பள்ளங்களும், தாழ் ஒலியைக் குறைத்துப் பதியும் முறையும் இல்லாவிட்டால் இது இயன்றிருக்காது. அடுத்த ஆண்டே ஆர்.சி.ஏ. விக்டர் 45 சுற்றுத் தட்டை வெளியிட்டது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சமன்படுத்தல் வளைவு இருந்தது. ஒலிப் பொறியியல் கழகம் 1951இல் மேலும் ஒரு வளைவைப் பரிந்துரைத்தது. இதனால் 1950களின் தொடக்கத்தில் வந்த உயர்தர ஆம்ப்ளிஃபயர்கள் சிலவற்றில், தட்டின் நிறுவனத்துக்கு ஏற்ப வளைவை மாற்றிக்கொள்ளத் திருகுவிசைகள் இருந்தன. தட்டை மாற்றும்போதெல்லாம் விசையையும் திருக வேண்டியிருந்தது.

1954 ஏற்பாடு

அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் 1952இல் தோன்றியது. ஆர்.ஐ.ஏ.ஏ. என்பது அதன் சுருக்கப் பெயர். ஆர்.சி.ஏ. விக்டர் பயன்படுத்திவந்த வளைவையே இச்சங்கம் 1954இல் பொதுத்தரமாக ஏற்றது. இதன் திருப்பு அதிர்வெண்கள் ஏறத்தாழ 50, 500, 2122 ஹெர்ட்ஸ். இவ்வளவைப்படி, 1000 ஹெர்ட்ஸை நடுநிலையாகக் கொண்டால், கேட்கும்போது 20 ஹெர்ட்ஸ் ஒலியை ஏறத்தாழ 19 டெசிபெல் கூட்ட வேண்டும்; 20,000 ஹெர்ட்ஸ் ஒலியை ஏறத்தாழ 20 டெசிபெல் குறைக்க வேண்டும். மின்னழுத்தக் கணக்கில் முன்னது சுமார் 9 மடங்கு கூடுதல். பின்னது சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறைவு. பிற நாடுகளும் காலப்போக்கில் இதை ஏற்றன. இன்று அச்சாகும் புதிய தட்டுகளும் இதே வளைவில்தான் பதியப்படுகின்றன.

படிகமும் காந்தமும்

நம் நாட்டு வீடுகளில் அக்காலத்தில் இப்படித் தனிப் பெட்டி எதுவும் இருந்ததில்லையே, ரெகார்ட் பிளேயரை வால்வு ரேடியோவின் பின்புறம் செருகினாலே பாடியதே என்று மூத்தோர் கேட்கலாம். அது உண்மைதான். அவற்றில் இருந்தவை பெரும்பாலும் படிக அல்லது பீங்கான் கார்ட்ரிட்ஜுகள். ஊசி அழுத்தும்போது படிகத்தில் நேரடியாக மின்னழுத்தம் தோன்றும். அது நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் அளவில் இருக்கும். மேலும் படிகம் ஊசியின் வேகத்துக்கு அன்றி, வீச்சுக்கு ஏற்பவே மின்னழுத்தம் தருவதால், தனியாகச் சமன்படுத்தாமலே ஒலி ஏறத்தாழச் சரியாக அமைந்தது.

ஆனால் படிகக் கார்ட்ரிட்ஜின் ஊசி தட்டின்மேல் அதிக எடையுடன் அழுத்தித் தேய்த்தது. 1950களின் இறுதியில் ஸ்டீரியோ தட்டுகள் வந்தபின், தட்டுக்கு இதமான காந்தக் கார்ட்ரிட்ஜுகள் பரவின. நகரும் காந்த வகை ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட் மட்டுமே தரும். நகரும் சுருள் வகை பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்கே தரும். ஆம்ப்ளிஃபயரின் சாதாரண உள்ளீடோ சில நூறு மில்லிவோல்ட்டை எதிர்பார்ப்பது. எனவே சுமார் 100 மடங்கு பெருக்கமும் சமன்படுத்தலும் சேர்ந்த ஃபோனோ முன்பெருக்கி தேவைப்பட்டது. 1960, 70களின் ஆம்ப்ளிஃபயர்களில் இது உள்ளேயே அமைந்திருந்ததால் யாரும் அதைத் தனியாகக் கவனிக்கவில்லை.

மறைந்த உள்ளீடு

1982இல் குறுந்தட்டு விற்பனைக்கு வந்தது. குறுந்தட்டு இயக்கி 2 வோல்ட் அளவுக்கு வலுவான குறிகையைத் தரும், சமன்படுத்தல் தேவையில்லை. 1990களில் செலவைக் குறைக்க, பல ஆம்ப்ளிஃபயர்களிலிருந்து ஃபோனோ உள்ளீடு நீக்கப்பட்டது. ஆனால் இசைத்தட்டு மறையவில்லை. அமெரிக்காவில் 2020இல் இசைத்தட்டுகளின் விற்பனை வருவாய், 1986க்குப் பின் முதன்முறையாகக் குறுந்தட்டுகளின் வருவாயை மிஞ்சியது. தட்டு திரும்பி வந்துவிட்டது. அதன் மறுபாதி ஆம்ப்ளிஃபயருக்குள் இல்லை. புதிதாக வாங்குவோரின் குழப்பத்துக்கு இதுவே வரலாற்றுக் காரணம்.

இன்று இணைக்கும் முறை

ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தில் 'ஃபோனோ' என்று குறித்த துளைகள் இருந்தால், காந்தக் கார்ட்ரிட்ஜ் உள்ள டர்ன்டேபிளை அங்கே நேரடியாகச் செருகலாம். நகரும் சுருள் வகையானால், அதற்குரிய கூடுதல் பெருக்கம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். ஃபோனோ துளைகள் இல்லையெனில் தனி முன்பெருக்கிப் பெட்டி ஒன்றை இடையில் வைக்க வேண்டும். இப்போது வரும் டர்ன்டேபிள்கள் பலவற்றில் முன்பெருக்கி உள்ளேயே இருக்கிறது. அதன் விசையை 'லைன்' பக்கம் தள்ளினால் எந்தச் சாதாரண உள்ளீட்டிலும் செருகலாம். அதே நிலையில் ஃபோனோ துளையில் செருகினால் சமன்படுத்தல் இருமுறை நடந்து, ஒலி உருமி அடித்தாற்போல் பெருத்துச் சிதையும். உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதுமாக இரண்டு முன்பெருக்கிகள் ஒருசேர வேலை செய்யக்கூடாது என்பதே விதி.

டர்ன்டேபிளிலிருந்து வரும் தனி எர்த் வயரை, ஆம்ப்ளிஃபயரிலோ முன்பெருக்கியிலோ உள்ள திருகில் மாட்ட வேண்டும். சில மில்லிவோல்ட் குறிகையை 100 மடங்கு பெருக்கும்போது, சுற்றியுள்ள மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் முரலும் சேர்ந்து பெருகும். எர்த் வயர் அதைத் தடுக்கிறது.

பழைய 78 தட்டுகள்

தாத்தா காலத்து 78 சுற்று அரக்குத் தட்டுகளைக் கணினியில் ஏற்றிப் பாதுகாக்க விரும்புவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அவற்றில் மிகப் பெரும்பான்மை 1954க்கு முன் பதியப்பட்டவை. இன்றைய முன்பெருக்கி உயர் ஒலியை, அத்தட்டில் கூட்டப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே அளவில் குறைக்கும். 1930களின் பாடகர் ஒருவரின் கணீரென்ற குரல் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல் மங்கிவிடும். கேட்பவர் அதைப் பழைய பதிவின் குறை என்று எண்ணிவிடுவார். இதற்கு வளைவை மாற்றும் வசதியுள்ள முன்பெருக்கியோ, பதிந்தபின் கணினியில் செய்யும் திருத்தமோ வேண்டும். ஊசியும் வேறு: நெடுந்தட்டு ஊசி முனையின் ஆரம் 25 மைக்ரோமீட்டர் அல்லது அதற்கும் குறைவு, 78 தட்டுக்கு ஏறத்தாழ 75 மைக்ரோமீட்டர் தேவை. ஊசியையும் வளைவையும் சரியாகத் தேர்ந்தபின் பதிந்தால்தான், அந்தப் பாடகரின் குரலை ஏறத்தாழ அவர் பாடிய விதத்தில் அடுத்த தலைமுறை கேட்க முடியும்.