முடியாத கூட்டல் பதுளைக்கு வந்த வழி

பசறையில் புறப்பட்ட பஸ் பதுளைக்கு வந்து சேர, முதலில் பாதித் தூரம் ஓட வேண்டும். பிறகு மீதியில் பாதி, அதன் மீதியில் பாதி. அரை, கால், அரைக்கால், வீசம் என்று இந்தப் படிகளுக்கெல்லாம் நம் பழைய வாய்ப்பாட்டில் பெயர் உண்டு. நான்கையும் கூட்டினால் பதினாறில் பதினைந்து பங்கு, அதாவது முக்காலே மூணு வீசம். இன்னும் எத்தனை முறை பாதியாக்கிக் கூட்டினாலும் ஒரு துணுக்கு மிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். அப்படியானால் பஸ் பதுளைக்கு எப்படித்தான் வருகிறது?

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் இந்த வம்பைக் கிளப்பியவர் சீனோ. தென் இத்தாலியில் எலேயா என்ற கிரேக்கக் குடியிருப்பைச் சேர்ந்தவர். அவருடைய நூல் அழிந்துவிட்டது. அவரை மறுப்பதற்காக அரிஸ்டாட்டில் எடுத்தெழுதியதால் புதிர் மட்டும் பிழைத்தது. சீனத்திலும், நாளுக்குப் பாதியாக வெட்டினால் ஓரடிக் கோல் என்றைக்கும் தீராது என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பேச்சு சுவாங்சி நூலில் பதிவாகியிருக்கிறது.

நம் பக்கத்தில் பௌத்த மெய்யியலாளர் நாகார்ஜுனர் வேறு வாசல் வழியாக நுழைந்தார். நடந்து முடிந்த வழியில் நடை இல்லை, நடக்காத வழியிலும் இல்லை; இவை இரண்டையும் விட்டால் நடை எங்கே நிகழ்கிறது என்று கேட்டார். அவருடைய தலைமாணாக்கர் ஆரியதேவர் சிங்களத் தீவில் பிறந்த அரசகுமாரர் என்று உரையாசிரியர் சந்திரகீர்த்தி எழுதுகிறார். கி.பி. 409இல் குமாரஜீவர் நாகார்ஜுனரின் நூலைச் சீன மொழியில் பெயர்த்தார்.

கேள்வி ஊர் ஊராகப் போனது. கணக்குத்தான் பின்தங்கியது. ஆர்க்கிமிடீஸ் கால், காலில் கால் என்று அடுக்கி ஒரு வளைவின் பரப்பைக் கண்டார். ஆனால் அந்த அடுக்கை முடிவிலி வரை ஓட்டாமல் நிறுத்திக்கொண்டார். துணிந்து ஓட்டியவர்கள் கேரளத்தின் சோதிடக் கணிதர்கள். 14ஆம் நூற்றாண்டில் சங்கமகிராமத்து மாதவர், ஒன்றில் மூன்றிலொன்றைக் கழித்து, ஐந்திலொன்றைக் கூட்டி, ஏழிலொன்றைக் கழித்து, இப்படியே போனால் விட்டம் ஒன்றாக உள்ள வட்டத்தின் சுற்றளவில் கால் பங்கு கிடைக்கும் என்றார். இந்தத் தொடர் நத்தை வேகம். நூறு உறுப்புகளைக் கூட்டினாலும் இரண்டாம் தசமத்திலேயே தடுமாறும். எனவே கூட்டலை நிறுத்தும் இடத்தில் மிச்சத்துக்கு ஈடாக ஒரு திருத்தம் சேர்க்கும் வழியையும் கண்டுபிடித்தார்கள். பை எண்ணின் மதிப்பை மாதவர் 11 தசம இடங்கள் வரை சொன்னார். என் கண்ணுக்கு, தொடரைவிட அந்தத் திருத்தமே பெரிய சாதனை. முடியாததை எங்கே நிறுத்தலாம் என்று தெரிந்தவருக்குத்தான் அது கைகூடும்.

அடுத்த தலைமுறைகளில் நீலகண்டர், முடிவற்ற அடுக்கு ஏன் குறிப்பிட்ட அளவோடு நின்றுவிடுகிறது, ஏன் அந்த அளவை எட்டாமலும் இருப்பதில்லை என்று கேட்டு விளக்கினார். 1530 வாக்கில் ஜ்யேஷ்டதேவர் நிரூபணங்களை மலையாள உரைநடையில், யுக்திபாஷையில், எழுதி வைத்தார். இதே தொடர்களை 1670களில் ஐரோப்பாவில் கிரிகரியும் லைப்னிட்சும் கண்டார்கள். ஜெசுவிட் பாதிரிமார் கப்பலில் கொண்டுபோயிருப்பார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. அதற்கான ஓலையோ கடிதமோ இதுவரை அகப்படவில்லை. இரண்டு இடத்திலும் தனித்தனியே பிறந்தது என்றே நான் கருதுகிறேன். மலபாரில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த சார்ல்ஸ் விஷ் சுவடிகளைப் படித்து எழுதிய கட்டுரை 1834இல் லண்டனில் அச்சேறியது. அதற்கு முந்திய ஆண்டே அவர் காலமாகிவிட்டார். வெகுகாலம் அந்தக் கட்டுரையைப் பெரிதாகப் பொருட்படுத்தியவர் இல்லை.

ஐரோப்பாவில் முடிவிலித் தொடருக்கு வேறு வேலைகள் வந்தன. வளையும் கம்பியை ஆராய்ந்த ஆய்லர், 1744இல் போகப் போக இறுகிச் சுருளும் ஒரு கோட்டைத் தொடரால் வர்ணித்தார். 1818இல் ஃபிரெனல் ஒளி வளைவதை ஆராய, அதே கணக்கு அங்கேயும் வந்து நின்றது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கப் பொறியாளர் டால்பட், நேர்ப் பாதையிலிருந்து வளைவுக்குள் ரயில் குலுங்காமல் நுழைய வழி தேடியபோது, தாமாகவே அதைத் திரும்பக் கண்டுபிடித்தார்.

நம் மலையிலும் ரயிலுக்கு வளைவுகள் நிறையவே வேண்டியிருந்தன. ஊவாவின் தேயிலையைக் கொழும்புக்கு இறக்கப் போட்ட ரயில் பாதை 1894இல் பண்டாரவளைக்கு வந்தது. பதுளையை எட்ட 1924 ஆனது. அவ்வளவு கரடுமுரடான மலை. தெமோதரையில் தண்டவாளம் ஸ்டேஷனைத் தாண்டிக் குன்றைச் சுற்றி இறங்கி, சுரங்கம் வழியாக அதே ஸ்டேஷனுக்கு அடியில் போகிறது. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டுவதைப் பார்த்து பொறியாளர் விமலசுரேந்திரவுக்கு இந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். இத்தகைய சுற்றுகள் டார்ஜிலிங்கிலும் ஆல்ப்ஸ் மலையிலும் அதற்கு முன்பே இருந்தன; ஆனாலும் கங்காணியின் தலைப்பாகைக் கதையை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

இந்த மலைப் பாதையின் மிகக் கூர்மையான வளைவுகளின் ஆரம் ஐந்து செயின், சுமார் 100 மீட்டர். அப்படியொரு வளைவுக்குள் 30 மீட்டர் நீளத்தில் படிப்படியாக நுழைய ஆய்லரின் கோட்டைப் போடுவதாக வைத்துக்கொள்வோம். நேர்கோட்டிலிருந்து தண்டவாளம் எவ்வளவு விலக வேண்டும்? தொடரின் முதல் உறுப்பு 1.5 மீட்டர் என்கிறது. இரண்டாவது உறுப்பு அதில் 2.4 மில்லிமீட்டரைக் கழிக்கச் சொல்கிறது. மூன்றாவது உறுப்பு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. அதற்கு அப்பால் முடிவின்றி நீளும் உறுப்புகள் எல்லாம் சேர்ந்தாலும் சம்மட்டி பிடித்தவர் கைக்குத் தட்டுப்படாது. பொறியாளர்கள் பெரும்பாலும் முதல் உறுப்போடு நிறுத்திக்கொண்டு தண்டவாளத்தைப் போட்டுவிடுவார்கள்.